கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் அறை

கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்ததும் நான் அதைக் கக்கூஸ் என்றுதான் நினைத்தேன். வீட்டில் இன்றைக்கும் இதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்கிறார்கள். அன்றைக்கு அந்தப் படத்தை எங்கள் தெருவில் யாரிடம் காட்டியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சாம்பல் நிறத்தில் நாலு சுவர், குறுகலான உருவம், ஒரு கதவு, ஒரு பக்கச் சுவரில் கைக்குட்டை அகலத்துக்கு ஜன்னல். காற்றுப் போக மேலே ஓட்டைகள்கூட இருந்தன. வேறு என்னவென்று நினைப்பது?

என் கணவர் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். கல்யாணமான சில மாதத்தில் போனவர். இடையிடையே லீவில் வருவார், விருந்து சாப்பிடுவார், போய்விடுவார். எங்கள் மகள் பிறந்ததும் வளர்ந்ததும் அவருக்கு ஃபோனில்தான் நடந்தது. இந்த முறை கேன்சலில் வருகிறேன் என்றார். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருவதைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம். அந்தச் சேதியோடுதான் படத்தையும் அனுப்பி, கொல்லையில் கிணற்றுக்குப் பக்கத்தில் மதிலோரம் ஒரு சிமெண்டுத் தளம் போட்டு வைக்கச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. போன லீவில் குளியலறை வாசலில் தோளில் துண்டோடு அவர் காத்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருந்தது. உள்ளே மருமகன் குளித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆம்பிளைகள், ஒரு கக்கூஸ். மனுஷர் யோசித்து ஏற்பாடு செய்கிறார் என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

நெடுங்காட்டிலிருந்து வரும் கொத்தனார் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு வேலை பார்த்தவர். படத்தைக் காட்டியதும் அவருக்கும் சந்தேகம் வரவில்லை. தளத்தின் நடுவில் கக்கூஸ் கோப்பை பதிக்கக் குழி விட்டு, தொட்டி வரைக்கும் பைப்பும் போட்டுவிட்டார். எங்களில் கக்கூஸில் உட்காருகிறவர் கிப்லாவை, அதாவது தொழும் மேற்குத் திசையை, முகம் பார்த்தோ முதுகு காட்டியோ உட்காரக் கூடாது. அதை நான் சொல்லாமலே அவர் தளத்தைத் திருப்பிப் போட்டிருந்தார். அதனால் வாசல் வீட்டைப் பார்த்து வராமல் தெற்கு மதிலைப் பார்த்து வந்தது. கதவைத் திறந்தால் எதிரே சுவர், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. கக்கூஸுக்கு அது வசதிதானே என்று நானும் பாராட்டினேன்.

என் கணவர் வந்து இறங்கிய மறுநாள் காலை கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன், பாராட்டை வாங்க. அவர் குழியைப் பார்த்தார். குனிந்து பைப்பைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது என்னது?"

"கோப்பை வைக்கத்தான். அது நீங்கதான வாங்கணும்?"

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. இது கக்கூஸ் இல்லை, சாமான் வைக்கிற ரூம் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். சுள்ளென்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என்ன சாமான் என்று கேட்டேன். பார்த்துக்கலாம் என்றார். இத்தனை வருஷம் சம்பாதித்த மனுஷனுக்கு அந்த வீட்டில் சாமான் என்று இருந்தது ஒரு சூட்கேஸும் ஒரு பீரோவும்தான். அதற்கு ஒரு ரூமா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். காரைக்காலில் எங்களில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குத்தான். என் உம்மா எனக்குக் கொடுத்தார், நான் என் மகளுக்குக் கொடுப்பேன். மகளுக்குக் கல்யாணம் ஆனதும் வீட்டின் நல்ல அறையை ஒழித்து அவளுக்கும் அவள் மாப்பிள்ளைக்கும் விடுவதும் வழக்கம்தான். நாங்கள் புதுசாகக் கல்யாணமாகி இருந்த அதே அறையை நானும் அப்படி விட்டேன். என் கட்டில் சமையலறைக்குப் பக்கத்து அறைக்கு வந்தது. அவருடைய பீரோ நடைக்கு வந்தது. அவர் ஊரில் இல்லாததால் யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

கார்கோவில் பெட்டிகள் வந்தன. வழக்கமான கம்பளி, சென்ட் பாட்டில், பால் பவுடர் எல்லாம் ஒரு பெட்டியில். மற்றவை நீளமான, தட்டையான அட்டைப் பெட்டிகள். உள்ளே சாம்பல் நிறப் பலகைகள். கொத்தனார் வந்து குழியை அடைத்துப் பூசிக்கொடுத்தார். வாசல் திசையை மட்டும் மாற்ற முடியவில்லை. போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: "இது கனமே இல்லம்மா. ஐப்பசி காத்துக்கு நிக்காது. பாத்துக்குங்க."

பலகைகளைப் பூட்டி நிறுத்துகிற வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மருமகனுமாக ஆரம்பித்தார்கள். மருமகன் டவுனில் செல்ஃபோன் கடை வைத்திருக்கிறார். எதையும் வீடியோ பார்த்துச் செய்யலாம் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் புல்வெளியில் நின்றுகொண்டு, நாம் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் முழு அறையையும் நிறுத்திவிடுகிறார். எங்கள் கொல்லையில் அது நடக்கவில்லை. கூடவே வந்த காகிதத்தில் எழுத்தே இல்லை, எல்லாம் படம். ஒரு மொட்டைத்தலை ஆள் தனியாகப் பலகையைத் தூக்குகிறான், முகம் வாடியிருக்கிறது, மேலே பெருக்கல் குறி போட்டு அடித்திருக்கிறார்கள். பக்கத்துப் படத்தில் இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிறார்கள், சிரிக்கிறார்கள். அந்த ஒரு படம்தான் எனக்குப் புரிந்தது.

வெயில் ஏற ஏறப் பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்க மறுத்தன. காலையில் காடிப் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கிய விளிம்பு, மதியம் லுஹர் பாங்கு சொல்லும்போது பிடிவாதம் பிடித்தது. மருமகன் சுத்தியலை எடுத்தார். அவர் தடுத்தார். வெயிலில் பிளாஸ்டிக் உப்பியிருக்கிறது, நாளைக் காலையில் பார்க்கலாம் என்றார். அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் விடியலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து தட்டினால் டக் டக்கென்று இறங்கியது. இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். கார் ஓட்டப் போன மனுஷர்தானே.

கூரை போடப் போகும்போதுதான் மருமகன் கவனித்தார், பக்கச் சுவர்கள் இரண்டும் இடம் மாறிவிட்டன. ஜன்னல் கிணற்றுப் பக்கம் வர வேண்டியது, சமையலறைப் பக்கம் வந்திருந்தது. கழற்றிப் போட்டுவிடலாம் மாமா என்றார். இவர் ஜன்னலைப் பார்த்தார், அப்புறம் அடுப்படியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"கெடக்கட்டும்," என்றார்.

தவறுதலாக மாறியதா, இவரே மாற்றியதா, அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். எதிரில் இருக்கிற மனுஷனிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

வேலை முடிந்ததும் தெரு முழுக்க வந்து பார்த்தது. ஒருத்தர் ஆடு கட்டவா என்றார். ஒருத்தர் வாட்ச்மேன் வைக்கப் போகிறீர்களா என்றார். பக்கத்து வீட்டு அக்காவை லாத்தா என்போம், அவர் மகன் பிரான்சில் இருக்கிறார். லாத்தா மட்டும், அங்கே எல்லா வீட்டிலும் இது உண்டு, புல் வெட்டுகிற மெஷினை இதில்தான் வைப்பார்கள் என்று விவரமாகச் சொன்னார். எங்கள் கொல்லையில் ஒரு முருங்கை, இரண்டு தென்னை, மற்றபடி மணல். புல் என்று ஒன்று முளைத்தால் நானே கையால் பிடுங்கிவிடுவேன்.

சரி, சாமான் ரூம் என்றாரே என்று நானும் என் பங்குக்குச் சாமானைக் கொண்டுபோனேன். கல்யாணத்துக்குச் சோறாக்குகிற பெரிய தேக்சா இரண்டு, உரித்த தேங்காய், பழைய தையல் மெஷின். மருமகன் கடையிலிருந்து செல்ஃபோன் உறைகள் நிரம்பிய அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினார். மறுநாள் போய்ப் பார்த்தால் தேக்சாக்கள் கிணற்றடியில், பெட்டிகள் நடையில். உள்ளே ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. இத்தனை காலம் கழித்து வந்த மனுஷன் வீட்டுக்குள் இருக்காமல் கொல்லையில் போய் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? மகள் என்னிடம் தனியாக வந்து, வாப்பாவுக்கு மனசில் ஏதாவது கஷ்டமா என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

வீட்டுக்குள் அவர் இருந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜைத் திறக்க என் முகத்தைப் பார்ப்பார். உப்பு எங்கே என்று கேட்பார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவப் போவார், மகள் பிடுங்கிக்கொள்வாள். மார்க்கெட்டுக்குப் போகப் பையை எடுப்பார், மருமகன் வாங்கி வைத்துவிட்டதாகச் சொல்வோம். சாப்பாட்டில் மட்டும் குறை வைக்கவில்லை. மீன் வாங்கினால் தலை மாப்பிள்ளைக்கு, வால் சமைக்கிறவளுக்கு, இது எங்கள் வீட்டில் உம்மா காலத்து ஏற்பாடு. இப்போது வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள், மீனுக்கோ ஒரு தலை. நான் அதை நெடுக்காகப் பிளந்து ஆளுக்குப் பாதி வைத்தேன். அவர் ஒவ்வொரு முறையும், எனக்கு எதுக்கு என்பார். நாங்கள் ஒவ்வொரு முறையும், சாப்பிடுங்க என்போம்.

பேச்சுதான் வரவில்லை. குவைத்தில் இருந்தவரை நாள் தவறாமல் பேசுவோம். காலையில் என்ன பசியாறினோம் என்பதிலிருந்து, யார் வீட்டில் மவுத்து, யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்தச் சம்பந்தம் முறிந்தது என்று எல்லாம் பேசுவோம். சிரிக்கவும் சிரிப்போம். அவர் குரல் எப்போதும் டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கம்மென்று இருக்கும். எங்கேயிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்பேன். ரூமிலிருந்து என்பார். அந்த மனுஷர் இப்போது எதிரில் உட்கார்ந்து மேலே பார்க்கிறார். ஃபேன் சத்தம் போடுதே என்கிறார். ஆமா என்கிறேன். அதோடு முடிந்துபோகிறது. இரண்டு பேரும் எழுந்து ஆளுக்கொரு பக்கம் போகிறோம். நாள் தவறாமல் ஃபோனில் பேசிய அந்த இரண்டு பேர் யார், இவர்கள் யார் என்றே எனக்குக் குழம்பிப் போனது.

அந்த நேரத்தில்தான் குவைத்திலிருந்து ஆள் விட்டார்கள். பழைய முதலாளியின் தம்பி வீட்டுக்கு டிரைவர் வேண்டுமாம், நம்பிக்கையான ஆளாக இவரே வர வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். சாப்பிடும்போது எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். மருமகன், உங்களுக்கு எது சௌரியமோ அப்படிச் செய்யுங்கள் மாமா என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான், உங்க இஷ்டம் என்றேன். ஒவ்வொரு லீவு முடியும்போதும் நான் சொல்கிற வார்த்தை அதுதான். போகிறவரைத் தடுத்து அழுது வைக்கக் கூடாது என்று உம்மா பழக்கியது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு கை கழுவப் போனார்.

போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. இருந்துவிட்டால் இப்படியே பேசாமல் எத்தனை காலம் ஓட்டுவது என்றும் இருந்தது. இரண்டில் எது பெரிய பயம் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் மண்டபத்தூருக்குப் போய்ப் படகு கட்டுகிற நைலான் கயிறு வாங்கிவந்தார். மழைக்கு முன்னால் அறையின் கூரைக்கு மேலாகக் கயிற்றைப் போட்டு, ஒரு முனையை ஒரு தென்னையிலும் மறுமுனையை இன்னொரு தென்னையிலும் இழுத்துக் கட்டினார். முடிச்சு முடிச்சாகப் போட்டு, தொங்கிப் பார்த்து, திரும்பவும் இறுக்கினார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போகப் போகிறவன் இப்படிக் கட்டுவானா? இல்லை, போகப் போவதால்தான் பத்திரமாகக் கட்டி வைக்கிறாரா?

வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மழை பிடித்தது. மகளும் மருமகனும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் கொடுவா மீனைக் கழுவி வைத்துவிட்டு, ஆணம் என்று நாங்கள் சொல்கிற குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திண்டில் வைத்திருந்த ஃபோன் அடித்தது. பார்த்தால் அவர் பெயர். நிமிர்ந்து கொல்லையைப் பார்த்தேன். மழைக்கு அந்தப் பக்கம், அந்தக் கைக்குட்டை ஜன்னலில் அவர் தலையும் காதோடு வைத்த கையும் தெரிந்தன. நெஞ்சு வலியோ, பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று பதறி ஃபோனை எடுத்தேன்.

"என்ன மச்சான், என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல. என்ன ஆணம் இன்னிக்கு?"

குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கம்மென்று இருந்தது. அதே குரல். நான் புளிக் கையோடு நின்றேன். என்னை அறியாமல் பழைய கேள்வி வாயில் வந்துவிட்டது.

"எங்கேருந்து பேசுறீங்க?"

"ரூம்லேருந்து," என்றார்.

அப்புறம் சொன்னார். குவைத்தில் இவர் படுத்த அறையில் சமையல்காரரும் தோட்டக்காரரும் கூட இருந்தார்களாம். அங்கே உட்கார்ந்து பொண்டாட்டியிடம் பேச முடியாது. தோட்டத்தின் மூலையில் மண்வெட்டியும் தண்ணீர்க் குழாயும் போட்டு வைக்க இதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் அறை. அதைப் பலகை பலகையாகப் பூட்டி நிறுத்தியதே இவரும் தோட்டக்காரரும்தானாம். தினமும் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உர மூட்டை மேல் உட்கார்ந்துதான் என்னிடம் பேசியிருக்கிறார். வெயில் காலத்தில் வேர்த்து ஊற்றும், அது பரவாயில்லை என்றார். இங்கே வந்து என் எதிரில் உட்கார்ந்தால் வாயே வரவில்லை, என்ன செய்வது என்றே தெரியவில்லை, அதனால்தான் கூப்பிட்டேன் என்றார்.

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. பத்தடி தூரத்தில் இருக்கிற மனுஷனோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன், எனக்கு அது துளியும் விசித்திரமாகத் தெரியவில்லை. கொடுவா மீனைப் பற்றிச் சொன்னேன். பக்கத்து வீட்டு லாத்தா புல் வெட்டுகிற மெஷின் எங்கே என்று நேற்றும் கேட்டதைச் சொன்னேன். கக்கூஸ் குழியைப் பார்த்து அன்றைக்கு ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டேன். நீ முகத்தை அவ்வளவு பெருமையா வச்சிக்கிட்டு நின்ன, எப்படிச் சிரிக்கிறது என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். மழை வலுத்தது. கூரைப் பிளாஸ்டிக்கில் விழுகிற மழை ஃபோன் வழியாக ஒரு காதிலும், கொல்லையில் பெய்கிற மழை இன்னொரு காதிலும் கேட்டது. கயிறு அசையவில்லை.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். ஃபோன் என்றால் எனக்கு எதையும் கேட்க வரும்.

"நாளைக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

ஜன்னலில் அவர் தலை என் பக்கம் திரும்பியது.

"இது ஒன் வூடு. வந்ததுலேருந்து எல்லாரும் எனக்குச் சோறு வைக்கிறீங்க. இருன்னு யாரும் சொல்லல. நீதான் சொல்லணும்."

அவர் இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து, மாப்பிள்ளை வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க, போய்ட்டு வாங்க என்று எல்லாம் சொல்லியிருக்கிறோம். உம்மா சொல்லியிருக்கிறார், நான் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்ல வேண்டியது வீட்டுக்காரி. வீட்டுக்காரி நான்தான்.

"போவாதீங்க மச்சான்," என்றேன். "இங்கேயே இருங்க."

மழைச் சத்தம்தான் கேட்டது. இணைப்புப் போய்விட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"சரி," என்றார். "மீன் தலய முழுசா மருமவனுக்கே வை. எனக்கு வால் துண்டு போதும்."

வால் துண்டு எப்போதும் என்னுடையது. அன்றைக்கு அதை இரண்டாக வெட்டினேன்.